முடியாமல் போன மறுநாள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

விடாமுயற்சியைச் சாதனையாளர் பேட்டிகளில் தேடுகிறோம். அங்கே கிடைப்பது முடிவு மட்டும். வழிமுறையோ நம் அருகில் இருக்கும் சாதாரண மனிதரிடம்தான் தெரியும். பக்கவாதத்துக்குப் பின் பொத்தான் போடப் பழகுபவரைக் கவனியுங்கள்: மேசைமேல் விரித்த சட்டை, முதலில் பெரிய பொத்தான், கை சோர்ந்ததும் ஓய்வு, பிறகு மறுபடியும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட முயன்றால் விரல்கள் இறுகிக்கொள்ளும், வெறுப்பும் வரும். பொறுமையில்லாமல் நாமே போட்டுவிடுவது அதைவிடக் கெடுதல். (உதவி என்ற பெயரில் அதிகம் நடப்பது இதுதான்.)

அவரிடம் "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்றால் "ஏதோ, ஓடுது" என்பார். "முடியாமல் போன மறுநாள் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். எதை மாற்றினார், யாரைக் கூப்பிட்டார் என்பதெல்லாம் வரும். அந்தப் பதிலைத் தேதியிட்டு ஒரு வரியில் குறித்து வையுங்கள்.

– ஒரு வாசகர்