உண்டியலில் போடும் முன் முதல் பில்லின் தேதியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர்களின் பெட்ரோல் பங்குகளில், கல்லாவுக்குப் பக்கத்தில் சில நேரம் ஒரு பிளாஸ்டிக் ஜாடி இருக்கும். ஒரு குழந்தையின் படத்தை ஒட்டி, சிகிச்சைக்கு உதவுங்கள் என்று மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். லாரி ஓட்டுநரும் கட்டடத் தொழிலாளியும் மீதிச் சில்லறையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஸ்பகெட்டி விருந்து வைத்து, தட்டுக்குப் பத்து டாலர் வாங்கி, புற்றுநோய் வந்த அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் அங்கே வழக்கம்தான். அந்த மக்களின் ஈரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி, அந்தக் குடும்பத்திடம் கேட்டிருக்கவே கூடாத பில்லுக்குப் போகிறது. வேதனை அங்கேதான்.

அமெரிக்க மருத்துவமனைகளில் பாதிக்கும் மேற்பட்டவை லாப நோக்கமற்றவை என்று பதிவு பெற்று வரிவிலக்கு அனுபவிப்பவை. 2010-ன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அதற்குப் பதிலாக அவற்றின் மேல் சில கடமைகளைச் சுமத்தியது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். பில்லிலேயே அதைப் பற்றிய அறிவிப்பு வேண்டும். நோயாளி வீடு திரும்பியபின் வரும் முதல் பில்லிலிருந்து 120 நாள் வரை வழக்குப் போடவோ, கடனை விற்கவோ, கடன் மதிப்பெண் நிறுவனங்களிடம் சொல்லவோ கூடாது. அதே தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை வாங்கியே ஆக வேண்டும். தகுதி உண்டு என்று முடிவானால், அதற்குள் கூடுதலாகக் கட்டியிருந்த பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

ஓட்டை எங்கே என்றால், எவ்வளவு வருமானம் வரை தள்ளுபடி என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை; மருத்துவமனையே வகுத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் வறுமைக்கோட்டைப் போல் இரண்டு மடங்கு வரை முழுத் தள்ளுபடி என்பது பல இடங்களில் உள்ள அளவு. 2025-ல் நான்கு பேர் குடும்பத்துக்கு அந்தக் கோடு ஆண்டு வருமானம் 32,150 டாலர். இரண்டு மடங்கு என்றால் 64,300. கடையில் நின்று வேலை பார்க்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்தாலும் பலர் இதற்குள் வந்துவிடுவார்கள். தாங்கள் ஏழைகள் அல்ல என்று நினைத்துக்கொண்டு அவர்கள் கேட்பதே இல்லை. கலிபோர்னியாவில் மாநிலச் சட்டமே வறுமைக்கோட்டின் நான்கு மடங்கு வரை இலவசமோ சலுகையோ தரச் சொல்கிறது.

அறிவிப்பு இருக்கிறது, ஆனால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கட்ட வேண்டிய தொகை முதல் பக்கத்தில் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் இருக்கும். உதவி கிடைக்கும் என்ற வரியைத் தேடினால் பல பில்களில் பின்பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் கிடைக்கும். போனில் அழைத்தால் இன்று எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி, அடுத்தது தவணை. தள்ளுபடிக்குத் தகுதி பெற்றவர்களிடமே வசூல் செய்ததாக 2022-ல் வாஷிங்டன் மாநில அரசு வழக்குரைஞர் ப்ராவிடன்ஸ் மருத்துவமனைக் குழுமத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார். பணத்தைத் திருப்பித் தருவதும் கடனைத் தள்ளுவதுமாக 15.8 கோடி டாலர் அளவுக்கு 2024-ல் சமரசம் ஏற்பட்டது. உடல் நோகும்போது வந்தவரிடம் நடந்தது இது என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே பில் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் பில். எமர்ஜென்சி வருகைக்கு 99281 முதல் 99285 வரை ஐந்து குறியீடுகள் உண்டு. எண் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். விரலில் மூன்று தையல் போட்டவருக்கு 99285 என்று இருந்தால் விளக்கம் கேட்கலாம். ஒரே ரத்தப் பரிசோதனை இரண்டு முறை ஏறியிருப்பதும், இன்சூரன்ஸுக்கு அனுப்பாமலே நோயாளிக்கு அனுப்பிவிடுவதும் அடிக்கடி நடக்கிற தவறுகள். மருத்துவரின் பில் பெரும்பாலும் தனியாக வரும். மருத்துவமனைத் தள்ளுபடி அவருக்குப் பொருந்துமா என்பதற்குத் திட்டத்தோடு ஒரு பட்டியல் இருக்க வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

போனில் "டிஸ்கவுண்ட்" என்று கேட்காதீர்கள். உடனே கட்டினால் கொஞ்சம் குறைக்கிறோம் என்று முடித்துவிடுவார்கள். "ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ் அப்ளிகேஷன்" என்றே கேட்க வேண்டும். படிவத்தோடு அண்மைச் சம்பளச் சீட்டுகள், போன வருட வருமான வரிப் படிவம், சில இடங்களில் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். வருமானமே இல்லாதவர் என்றால் அவரைப் பராமரிப்பவர் எழுதிய கடிதம் வேண்டும். விண்ணப்பம் கெடுவது சின்ன விஷயங்களில்தான்: ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கும், குடும்ப எண்ணிக்கையில் குழந்தையைச் சேர்க்காமல் இருப்பார்கள். குறை இருந்தால் என்ன குறை என்று மருத்துவமனை எழுத்தில் சொல்ல வேண்டும்; அதுவரை வசூல் நடவடிக்கையை நிறுத்த வேண்டும். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் உள்ளவர்களும் தங்கள் பங்குத் தொகைக்குப் பல இடங்களில் விண்ணப்பிக்கலாம்.

முடிவு வரும் வரை கிரெடிட் கார்டில் மட்டும் கட்டிவிடாதீர்கள். கட்டிய நிமிடமே அது மருத்துவக் கடன் என்ற பெயரை இழந்து சாதாரணக் கார்டு கடனாகிவிடும். மருத்துவச் செலவுக்கென்றே தரும் கார்டுகள் சிலவற்றில், குறித்த மாதத்துக்குள் முழுத் தொகையும் அடையாவிட்டால் முதல் நாளிலிருந்தே வட்டி விழும். ஒரு டாலர் பாக்கி நின்றாலும் கதை அதுதான்.

வசூல் நிறுவனத்திடம் போய்விட்ட கடனிலும் வழி உண்டு. அவர்களின் விவரக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், ஆதாரம் காட்டும் வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும். பழைய கடனுக்குப் பத்து டாலராவது கட்டுங்கள் என்று கெஞ்சினால் எச்சரிக்கை வேண்டும். பல மாநிலங்களில் அந்தப் பத்து டாலரே, கடனுக்காக வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவை மறுபடி முதலிலிருந்து எண்ண வைத்துவிடும்.

இந்தக் கடன்களை டாலருக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் மொத்தமாக வாங்கிக் கிழித்துப் போடும் தொண்டு நிறுவனம் ஒன்று 2014 முதல் இயங்குகிறது. கடன் வசூல் தொழிலிலேயே இருந்த இருவர் தொடங்கியது அது. பல தேவாலயங்கள் அதற்குப் பணம் திரட்டித் தந்திருக்கின்றன. மனம் நெகிழத்தான் செய்கிறது. ஆனால் ஏறத்தாழ 83,000 பேரின் 16.9 கோடி டாலர் கடன் இப்படித் தீர்க்கப்பட்டதை ஆராய்ந்து 2024-ல் வெளியான பொருளியல் ஆய்வு, அவர்களின் மனநலத்திலோ பணநிலையிலோ சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை என்றது. என் கணிப்பில், உதவி பிந்தி வந்ததுதான் காரணம். வசூல்காரரின் போனுக்குப் பயந்து மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்ட வருடங்கள் அதற்குள் ஓடிப்போயிருக்கும்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தள்ளுபடி அறிவிப்பை வட்டாரத்தில் கணிசமான பேர் பேசும் மொழிகளில்தான் மொழிபெயர்க்க வேண்டும். தமிழர் சிதறி வாழ்வதால் பெரும்பாலான ஊர்களில் தமிழில் எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் நெஞ்சு வலித்தால், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து உயிராபத்தைத் தணிக்க வேண்டும் என்று 1986-ன் சட்டம் எமர்ஜென்சிப் பிரிவுகளைக் கட்டாயப்படுத்துகிறது. அதை நம்பித் தயங்காமல் போகலாம். இலவசம் என்று மட்டும் அது சொல்லவில்லை; பில் பின்னால் வரும். சில மருத்துவமனைகள் தங்கள் வட்டாரவாசிகளுக்கு மட்டுமே தள்ளுபடி தருவதால், அந்த விதியை முதலில் படியுங்கள். பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் படித்து நிரப்பித் தர, ஆங்கிலம் தெரிந்த ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இனி அந்த ஜாடியைப் பார்த்தால் காசைப் போடுங்கள். கூடவே, முதல் பில் எந்தத் தேதியில் வந்தது என்று அந்தக் குடும்பத்திடம் கேளுங்கள். 240 நாள் தாண்டவில்லை என்றால் விண்ணப்பத்தை லாப நோக்கமற்ற மருத்துவமனை வாங்க மறுக்க முடியாது. தாண்டியிருந்தாலும் சில மருத்துவமனைகள் வாங்குகின்றன. ஒரு போன் செய்து கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எடிசன், நியூஜெர்சி.