மாற்றுத்திறன் மாணவர் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோருக்கும், அழைப்பை ஏற்று வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

நம் வட்டாரப் பள்ளிகளில் மாற்றுத்திறன் மாணவர்களுக்காகவும், வறுமையாலோ இடம்பெயர்வாலோ படிப்பு நின்றுபோகக்கூடிய பிற மாணவர்களுக்காகவும் நல்ல முறையில் நடந்துவரும் பணிகளைக் கண்டறிந்து பாராட்டுவது, அவற்றை மற்றப் பள்ளிகளுக்கும் கொண்டுசெல்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இவ்வாண்டு நம் உழைப்பின் பெரும்பகுதி இதற்கே சென்றதால் அறிக்கையும் பெரும்பாலும் இதைப் பற்றியதே. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பாராட்டுகளுக்கு முன் நாம் செய்த தவறு ஒன்றைப் பதிவுசெய்வது என் கடமை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாய்தளமும் கைப்பிடியுடன் கூடிய கழிப்பறையும் அமைத்ததற்காக ஒரு பள்ளிக்குக் கேடயம் வழங்கினோம். கடந்த ஆகஸ்டில் அங்கு மீண்டும் சென்றபோது அந்தக் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. சாய்தளத்தை அளந்தோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. ஒன்றரையடி உயரமுள்ள அந்தத் திண்ணைக்கு 18 அடி வேண்டும். அங்கிருந்தது ஏழடிதான். சக்கர நாற்காலியில் வரும் மாணவியால் அதில் தானாக ஏறவும் முடியவில்லை, அச்சமின்றி இறங்கவும் முடியவில்லை. பள்ளியில் கழிப்பறைக்குப் போக நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக மகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்பதை அவளுடைய தாய் அன்றுதான் நம்மிடம் சொன்னார். கேடயம் கொடுத்த நாளில் நாம் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தோமே தவிர, அந்த மாணவியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனவே இதில் பள்ளியைப் போலவே நமக்கும் பொறுப்பு உண்டு. கழிப்பறைப் பூட்டு இப்போது அகற்றப்பட்டுவிட்டது. சாய்தளம் இன்னும் நீட்டப்படவில்லை.

இதன்பின் கேடயம் வழங்குவதை நிர்வாகக் குழு நிறுத்திவிட்டது. தலைமையாசிரியரின் அனுமதியுடன் ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று முறை செல்வது, ஒரு குழந்தை வாயிலில் நுழைவது முதல் வீட்டுக்குக் கிளம்புவது வரை உடனிருந்து பார்ப்பது, முதலில் குழந்தையிடமும் பிறகு தாயிடமும் அடுத்துச் சத்துணவுக் கூடத்திலும் பேசிவிட்டுக் கடைசியாகவே தலைமையாசிரியரிடம் பேசுவது, இந்தக் குழந்தைக்காகப் பள்ளி தன் வழக்கத்தில் எதை மாற்றிக்கொண்டது என்ற ஒரே கேள்விக்கு விடை எழுதுவது என முறையை மாற்றினோம். இவ்வாறு ஏழு பள்ளிகளைப் பார்த்தோம்.

பார்த்தவற்றுள் சிலவற்றை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு காலங்காலமாக மாடியில் நடந்துவந்தது. தசைச்சிதைவு நோயுள்ள மாணவர் ஒருவர் ஏழாம் வகுப்பு முடிக்கும் முன்னரே, தலைமையாசிரியர் எட்டாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கும் ஆறாம் வகுப்பை மாடிக்கும் மாற்றிவிட்டார். இதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. இன்னொரு பள்ளியில், பார்வை குறைந்த மாணவிக்காக ஆசிரியை கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். பலகையைப் பார்த்து எழுதத் திணறிய வேறு சில பிள்ளைகளும் இப்போது குறிப்பேட்டைப் பிழையின்றி நிரப்புகிறார்கள். மூன்றாவது பள்ளியில் ஆட்டிசம் உள்ள சிறுவனுக்குக் காலை வழிபாட்டின் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்க முடியாததால், அவன் தாழ்வாரத்தின் கோடியில் நண்பன் ஒருவனுடன் நிற்க அனுமதி உண்டு. மற்றொரு பள்ளியில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குச் சத்துணவுச் சமையலர் சோற்றையும் முட்டையையும் குழைத்து, சிறப்புப் பயிற்றுநர் காட்டிக்கொடுத்தபடி குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு வாயாக ஊட்டுகிறார். "இதுக்குப் போயா பாராட்டுக் கடிதம்?" என்று அவர் கேட்டார். பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, பிள்ளை பள்ளியைச் சேர்ந்தவனாக இருப்பது வேறு என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். அந்த வேறுபாட்டை உண்டாக்குவது அவரைப் போன்றவர்களின் கைவேலைதான் என்பதால், முதல் கடிதத்தை அவருக்கே கொடுத்தோம்.

இக்கடிதங்களில் பொதுவான புகழுரை கிடையாது. செய்த செயல் என்ன, எந்தத் தேவைக்காக, எப்படி என்பது மட்டும் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கடிதம் வாசிக்கப்பட்டு, அதன் படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பப்படுகிறது. வாய்விட்டுச் சொல்லி எழுதும் முறையை அந்த ஆசிரியையே வேறு இரண்டு பள்ளிகளுக்கு வந்து காட்டினார். ஒன்றில் அது நிலைத்துவிட்டது. மற்றொன்றில் அதைக் கையாண்ட ஆசிரியர் பணிமாறுதலில் சென்றதும் நின்றுவிட்டது. இதைப் பற்றிக் கடைசியில் மீண்டும் பேசுகிறேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. அதை இயன்றவரை விரைவில் கண்டறிவது பள்ளியின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆயினும் நாம் பார்த்த எல்லாப் பள்ளிகளிலும் மிகவும் பின்தங்கியிருப்பது இதுவே. கதை கேட்டால் அழகாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாததால் சோம்பேறி என்ற பெயரோடு ஏழாம் வகுப்பு வரை வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள், குறைபாட்டின் தன்மைக்கேற்ப உண்டு. ஆனால் மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பல பெற்றோர் தேர்வு நெருங்கிய பிறகே அறிகிறார்கள். ஆகவே இவ்வாண்டு ஜூலையிலேயே விளக்கக் கூட்டம் நடத்தினோம். இனி ஒவ்வோர் ஆண்டும் நடத்துவோம்.

செங்கல் சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகளைச் சேர்ப்பதிலும் நம் உறுப்பினர்கள் உதவினர். வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சட்டத்தின் அந்தப் பக்கங்களைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொண்டுசென்றது பயனளித்தது.

சிறப்புப் பயிற்றுநர்கள் குறித்து வருத்தத்துடன் எழுதுகிறேன். தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் பதினைந்து மாணவர்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வகுத்தது. நம் வட்டார வள மையப் பயிற்றுநர்களோ தொகுப்பூதியத்தில், ஒரு நாளைக்கு ஒரு பள்ளி என்று அலைகிறார்கள். மேற்சொன்ன நல்ல பணிகள் பலவற்றின் பின்னால் அவர்கள் சொல்லிக்கொடுத்த ஏதோ ஒன்று இருக்கிறது. இவ்விகிதத்தை நடைமுறைப்படுத்தக் கோரும் மனுவை மாவட்ட நிர்வாகத்திடம் அளித்திருக்கிறோம், பதில் வரவில்லை.

தனியார் பள்ளிகள் எதற்கும் இவ்வாண்டு செல்ல இயலவில்லை. வீட்டுவழிப் பயிற்சியில் இருக்கும் குழந்தைகளை வாரம் ஒருநாளாவது பள்ளிக்கு அழைத்துவரும் திட்டத்தையும் தொடங்கவில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரு கோரிக்கையை மட்டும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஓர் ஆசிரியர் மாறுதலில் சென்றதும் நின்றுபோன அந்தப் பழக்கம், பள்ளியில் எங்கும் எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு குழந்தைக்காகச் செய்யப்படும் மாற்றம் ஒவ்வொன்றையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவைக்கவும், கல்வியாண்டின் முதல் வாரத்தில் புதிதாக வரும் ஆசிரியரிடம் அதை வாசித்துக்காட்டவும், அக்குழுக்களில் உறுப்பினராக உள்ள நம் பெற்றோர் வலியுறுத்த வேண்டும். இதைத் தீர்மானமாக ஏற்றுத் தருமாறு வேண்டி, இவ்வறிக்கையைத் தங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்