சலேம் மாவட்டம் எங்கே இருக்கிறது?

வரைபட மென்பொருளின் பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். இதற்கு முன் உங்களுக்கு எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். இந்த முறை தமிழில் எழுதுகிறேன். கோபத்தில் அல்ல (சரி, கொஞ்சம் இருக்கிறது). இந்த மடலிலிருந்து ஏதாவது ஒரு வரியை எடுத்து, உங்கள் மென்பொருளில் ஒரு படத்துக்குத் தலைப்பாகப் போட்டுப் பாருங்கள். பதினொரு மாதமாக நான் சொல்லிவருவது பத்து நொடியில் விளங்கிவிடும்.

விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மாவட்டவாரித் தரவைத் தமிழ்ப் பெயர்களோடு பட்டைப் படமாக வரையும் கருவியை எழுதி, உங்கள் திட்டத்தோடு சேர்க்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தேன். பொங்கலன்று உங்கள் பாட், அதாவது தானாக இயங்கும் நிரல், அதை மூடிவிட்டது. முப்பது நாளாக அசைவே இல்லையாம். அசைய வேண்டியது யார் என்று பாட்டுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்ட திருத்தம் எல்லாம் முடிந்து, சோதனைகள் எல்லாம் பச்சை காட்டி, உங்கள் பார்வைக்காகத்தான் அது கிடந்தது.

ஓய்வூதியம் வாங்கும் என் அப்பா வருடத்துக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறார். நான் உங்கள் பாட்டுக்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கை வரும், போய் "இன்னும் காத்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதுவேன், அது அடங்கும். ஜனவரியில் மட்டும் தவறிவிட்டது. ஊருக்குப் போயிருந்தேன், எங்கள் ஊரில் கிணற்று மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல்.

இதை ஏன் எழுத ஆரம்பித்தேன் என்று ஒருமுறையாவது சொல்லிவிடுகிறேன். என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. மாவட்டவாரி மழையளவைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் கேட்டாள். உங்கள் மென்பொருளில்தான் வரைந்து அனுப்பினேன். 38 மாவட்டம், 38 பட்டை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் போன் செய்தாள்: "தம்பி, சலேம் எந்த மாவட்டம்டா?" வகுப்பில் ஒரு பையன் எழுத்துக்கூட்டி அப்படித்தான் படித்திருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, படத்தில் அப்படித்தான் இருந்தது. இன்னொரு பிள்ளை பென்சிலை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த படத்திலேயே கொம்பைச் சரியான இடத்தில் போட்டுவிட்டதாம். எனக்குத் தெரிந்து இந்தப் பிழைக்கு வந்த முதல் திருத்தம் அதுதான். அதுவும் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்காமல் சேர்ந்துவிட்டது.

காரணம் எளிது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் 'சே' என்பது 'ச' முதலிலும் இரட்டைக் கொம்பு அடுத்தும் வரும் இரண்டு குறிகள். வாசிப்பவர் கண்ணுக்குக் கொம்பு முன்னால் வரவேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்தைக் கோக்கும் நிரல். உங்கள் மென்பொருள் அதைக் கூப்பிடுவதே இல்லை. வந்த குறியை வந்த வரிசையில் வரைந்துவிடுகிறது. அப்போது கொம்பு 'ல'வுக்கு முன்னால் போய் நிற்கிறது, சேலம் சலேமாகிறது, பெரம்பலூர் 'பரெ' என்று தொடங்குகிறது. நான் செய்ததெல்லாம், வரைவதற்கு முன் எழுத்தை ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் நிரல் வழியாக அனுப்பியது. ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் லிப்ரெஆபிஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஏற்கெனவே இருக்கும் நிரல் நூலகம் அது. இன்னொன்றைச் சுமப்பது பாரம் என்றீர்கள். நியாயம். வேண்டியவர்கள் மட்டும் நிறுவிக்கொள்ளும்படி மாற்றிக் கொடுத்தேன்.

அப்புறம் பெயர் விவகாரம். ஒருவர் என் நிரலில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இன்னொருவர் பழைய பெயரே தேவலை என்றார், திருப்பினேன். ஆகஸ்ட்டில் எழுத்து வரையும் கோப்பை நீங்கள் இரண்டாகப் பிரித்தீர்கள். என் மாற்றத்தில் பாதி அதற்குள்தான் இருந்தது. உங்கள் புதிய கோப்புகளின் மேல் என் மாற்றத்தை மறுபடி பொருத்தும் ரீபேஸ் வேலைக்கு ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போயிற்று. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, வேலை என்றால் இப்படித்தான். இத்தனைக்கும் பிறகு ஒரு மனிதர் படித்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

இது சிறிய கூட்டத்துக்கான வசதி என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 6.9 கோடி. இதே கோளாறு இந்திக்கும் வங்காளத்துக்கும் மலையாளத்துக்கும் உண்டு. சிறிய கூட்டம்தான், என்ன செய்வது. மாட்பிளாட்லிப் என்ற வரைபட மென்பொருளைத் தொடங்கிய ஜான் ஹன்டர் வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்ப்பதற்காகத்தான் அதை எழுதினார். அதைவிடச் சிறிய கூட்டம் இருக்க முடியுமா?

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. சம்பளம் கிடையாது, ஆட்கள் குறைவு. 2020 அக்டோபரில், பங்களிப்பவர்களுக்கு டி-ஷர்ட் தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அந்த ஆசையில் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியவர்களில் எங்கள் நாட்டுக்காரர்களும் நிறையப் பேர். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரல் நூலகத்தில் நடந்ததையும் படித்தேன். தனியாளாகப் பராமரித்தவரைப் பல பெயர்களில் வந்து அவசரப்படுத்தி, நல்லவர்போல நுழைந்த ஒருவரிடம் பொறுப்பு போய், கடைசியில் நிரலுக்குள்ளேயே திருட்டுக் கதவு. ஆக, சேர்த்துக்கொள்ளச் சொல்லி யார் அழுத்தம் கொடுத்தாலும் சந்தேகப்படுவது சரிதான். என்னையும் சந்தேகப்படுங்கள். வரி வரியாகப் படித்துச் சந்தேகப்படுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒருவர் வந்து, இது ஏஐ எழுதியதா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கப்புறம் அவரும் வரவில்லை. மனிதன் எழுதியதா என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டுவிட்டு, மூடுகிற வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டீர்கள்.

முகப்பில் "எல்லோரும் வாருங்கள், பங்களியுங்கள்" என்று தோரணம் கட்டியிருக்கிறீர்கள். பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டாயிற்று. பதினொரு மாதமாக இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போகிறேன். வேண்டுவது இவ்வளவே. மூடியதைத் திறந்து, உங்களில் ஒருவர் அதைப் படித்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள். இல்லை என்றால் ஏன் என்று ஒரு வரி போதும். தனிக் கருவியாக வெளியிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன், வருத்தம் கிடையாது. உங்கள் பதிலுக்காக நிற்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளையாவது பாட் தொடாமல் இருக்கும்படி செய்யுங்கள். என்னுடையது மட்டும் அப்படிக் கிடக்கவில்லை.

என் மாற்றங்கள் இருக்கும் அந்த பிரான்ச்சை நேற்று இரவு மறுபடி ரீபேஸ் செய்து வைத்திருக்கிறேன். மோதல் எதுவும் இல்லை.

நன்றி.
உங்கள் பங்களிப்பாளர்களில் ஒருவன்