ஹவுன்ஸ்லோவிலேர்ந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவும் பாட்டியும் எப்படி இருக்காங்க, பாட்டிக்கு கண் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்களா? போன வாரம் போன்ல நீங்க கேட்டீங்கள்ல, ஃப்ளைட் கீழ எறங்குறப்ப எவ்வளவு எறங்கணும்னு யாரு பாப்பா சொல்றது, நீங்களா எறங்கிக்குவீங்களான்னு, அன்னிக்கு டூட்டிக்கு டைம் ஆயிடுச்சுன்னு பாதிலயே வெச்சுட்டேன். இன்னிக்கு லீவு, அதான் விலாவாரியா எழுதுறேன்.

இங்க லண்டன்ல குளிர் இன்னும் விடல. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், ஜூன்ல ராத்திரி ஒம்போதரைக்கும் வெளிச்சமா இருக்கும், ரெண்டுக்குமே ஒடம்பு பழக நாளாச்சு. ஹவுன்ஸ்லோ கடைல முருங்கைக்கா, கருவேப்பில எல்லாம் கெடைக்குது, வெலய மட்டும் அம்மாகிட்ட சொல்லாதீங்க. காலை டூட்டின்னா மூணு மணிக்கே எந்திரிக்கணும், வெறிச்சோடிக் கெடக்குற ரோட்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப ஊர் ஞாபகம் வரும். ஆனா காக்பிட்ல உக்காந்து ஹெட்செட்ட மாட்டினதும் அதெல்லாம் போயிடும்ப்பா.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஃப்ளைட் 37,000 அடில வருதுன்னு வைங்க. ஆயிரம் அடி எறங்க மூணு நாட்டிகல் மைல் வேணும்ங்கிறது எங்க மனக்கணக்கு, அப்ப சுமார் 110 மைலுக்கு முன்னாடியே எறங்க ஆரம்பிச்சாத்தான் சரியா வரும். ஆனா நாங்களா ஒரு அடி கூட எறங்க முடியாது, ஏடிசி, அதாவது தரைலேர்ந்து ரேடியோல வழி சொல்ற கன்ட்ரோலருங்க, சொல்லணும். அவங்களும் மொத்தமா எறங்குன்னு சொல்லமாட்டாங்க, படி படியாத்தான் சொல்லுவாங்க, இந்த லெவலுக்கு வா, அப்புறம் அடுத்தது, ஏன்னா நமக்குக் கீழயும் யாரோ போய்க்கிட்டு இருப்பாங்க. லண்டன் வானத்தப் பாத்துக்குறவங்க ஹீத்ரோ ஏர்போர்ட் டவர்ல இருக்காங்கன்னுதான் நீங்க நெனச்சிருப்பீங்க. டவர்ல இருக்கவங்க ரன்வேயத்தான் பாத்துக்குறாங்க. எங்கள எறக்குறவங்க சவுத்தாம்ப்டன் பக்கம் ஸ்வான்விக்னு ஒரு ஊர்ல பெரிய ஹால்ல ரேடார் முன்னாடி உக்காந்திருக்காங்க, அவங்க ஜன்னல்ல எட்டிப்பாத்தா ஒரு ஃப்ளைட்டும் தெரியாது.

அவங்க "டிசெண்ட் ஃப்ளைட் லெவல் எய்ட் ஸீரோ"ன்னு சொன்னா 8,000 அடின்னு அர்த்தம், லெவல் நம்பர் நூறு நூறு அடிக் கணக்கு. ஓட்டுறது கேப்டன்னா ரேடியோ என் கைல. நான் அதே நம்பர எங்க கால்சைனோட, அதாவது எங்க ஃப்ளைட்டோட ரேடியோ பேரோட, திருப்பிச் சொல்லணும், அவர் ஒசரத்த வெக்கிற நாப்ப, அதான் அந்தக் குமிழ, திருப்பி நம்பர வெக்கணும், வெச்சத வாய்விட்டுச் சொல்லணும், நான் டிஸ்ப்ளேல பாத்துட்டு "செக்ட்"னு சொல்லணும். ஓகே, ரோஜர்னு சொல்லிட்டு விட்டா அது பதிலே இல்ல, கன்ட்ரோலர் திரும்பக் கேப்பார். நீங்க கீரனூர் ஸ்டேஷன்ல வண்டி வரலாம்னு லைன் கிளியர் குடுக்குறப்ப பிரைவேட் நம்பர் சொல்லுவீங்க, அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் அத திருப்பிச் சொல்லி எழுதிக்குவாரு, அது சரியா வந்தாத்தான் வண்டி நகரும், அதே முறைதான்ப்பா இதுவும். சின்ன வயசுல உங்க ரூம்ல உக்காந்து அதக் கேட்டுக்கிட்டே இருந்ததாலயோ என்னவோ ட்ரெய்னிங்ல எனக்கு இது புதுசா தெரியல.

இதுல கஷ்டமான வேல திருப்பிச் சொல்றது இல்ல, திருப்பிச் சொன்னத காது குடுத்துக் கேக்குறதுதான்னு நான் நெனைக்கிறேன். 1989 பிப்ரவரி 19, ஃப்ளையிங் டைகர்னு ஒரு அமெரிக்க கார்கோ 747 சிங்கப்பூர்லேர்ந்து கோலாலம்பூர் போகுது, அப்ப அங்க சுபாங்தான் ஏர்போர்ட். கன்ட்ரோலர் 2,400 அடிக்கு எறங்கச் சொல்றாரு, "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ"ன்னு. அந்த "டூ"வ ரெண்டுன்னு எடுத்துக்காம, இங்கிலீஷ்ல "க்கு"ன்னு அர்த்தம் வர்ற "டூ"ன்னு நெனச்சு, 400க்கு எறங்குன்னு சொல்றாங்கன்னு எடுத்துக்கிட்டு, பைலட் "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ"ன்னு பதில் சொல்றாரு. அதாவது தப்பு அங்கயே வெளிய வந்துடுச்சு, ரேடியோல சத்தமா வந்துடுச்சு, யாரும் அதப் பிடிக்கல. தரை கிட்ட வருதுன்னு விமானத்துல மெஷின் எச்சரிக்கை அடிச்சும் மேல ஏத்தல. ரன்வேக்கு முன்னாடி இருந்த குன்றுல மோதி நாலு பேரும் போயிட்டாங்க. இத மொத தடவ படிச்சப்ப ரெண்டு நாள் என் மனசு ஆறல, ஏன்னா அந்த ஒரு பதில ஒருத்தர் கவனிச்சு "நெகட்டிவ், டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்"னு சொல்லிருந்தா அவங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க.

அதனாலதான் இங்க சொல்ற முறைய இவ்வளவு கறாரா வெச்சிருக்காங்க. பிரிட்டன்ல ஃப்ளைட் லெவல் சொல்றப்ப நடுவுல அந்த "டூ" வரவே கூடாது, அடிக்கணக்குல சொல்றதுன்னா "டூ ஆல்டிட்யூட்"னு சேத்து, கடைசில ஃபீட்னும் சொல்லணும். லெவல் 100ன்னா "ஒன் ஹண்ட்ரட்", "ஒன் ஸீரோ ஸீரோ" கிடையாது, ஏன்னா 110 அதாவது "ஒன் ஒன் ஸீரோ"வோட கொழம்பிடும். இதுக்கும் மேல இன்னொரு காவல் இருக்கு, நாங்க நாப்ல என்ன நம்பர் வெக்கிறோமோ அது ட்ரான்ஸ்பாண்டர்னு விமானத்துல இருக்குற சிக்னல் கருவி வழியா ஸ்வான்விக் ஸ்க்ரீன்லயே தெரியும். வாய் 80ன்னு சொல்லி கை 70ன்னு வெச்சா, விமானம் எறங்குறதுக்கு முன்னாடியே அவங்க கேட்ருவாங்க. எனக்கு இது ரொம்பப் பெரிய ஆறுதல்.

அடுத்தது பிரஷர். ஒசரத்துல எல்லாரும் 1013ன்னு ஒரே பிரஷர் அளவ, ஒசரத்தக் காட்டுற ஆல்டிமீட்டர்ல வெச்சுக்குவோம், லண்டன்கிட்ட 6,000 அடியோ அதுக்குக் கீழயோ எறங்கச் சொன்னா அந்த எடத்தோட நெசமான பிரஷர வெக்கணும், அதத்தான் க்யூஎன்ஹெச்னு சொல்றது. இங்க புயல் நாள்ல அது 980 வரைக்கும் போகும். மாத்தாம விட்டா மீட்டர் காட்டுறதவிட கிட்டத்தட்ட 900 அடி கீழ இருப்போம். அதனால அதையும் திருப்பிச் சொல்லணும், ஆயிரத்துக்குக் கீழ போனா ஹெக்டோபாஸ்கல்னு பிரஷரோட அலகையும் சேத்தே சொல்லணும்.

1996 நவம்பர்ல டெல்லிகிட்ட சார்க்கி தாத்ரில நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பேப்பர்ல படிச்சுட்டு அன்னிக்கு சரியாவே சாப்பிடலன்னு அம்மா சொல்லிருக்காங்க. கஜகஸ்தான் விமானத்த 15,000 அடில நிக்கச் சொன்னாங்க, எதுக்க ஏறிட்டு இருந்த சவூதி ஜம்போவ 14,000ல. கஜகஸ்தான் விமானத்துல ஏடிசிகிட்ட இங்கிலீஷ்ல பேசுனது தனியா ஒரு ரேடியோ ஆபரேட்டர், அவர் பதில் சொல்லியும் விமானம் 15,000ல நிக்காம கீழ வந்துடுச்சு. 349 உயிர். டெல்லில அப்ப ஒசரத்தக் காட்டுற ரேடார் இல்ல, கன்ட்ரோலருக்கு அவங்க வாயால சொன்னதுதான் கணக்கு. ரெண்டு விமானத்துலயும் டிகாஸ்னு சொல்ற மோதல் எச்சரிக்கைக் கருவியும் இல்ல, அதுக்கப்புறம்தான் இந்தியாவுல அதக் கட்டாயம் ஆக்குனாங்க. இப்ப அந்தக் கருவி ஏறுன்னு சொல்லி கன்ட்ரோலர் எறங்குன்னு சொன்னா கருவி சொல்றதத்தான் கேக்கணும், இதுல ரெண்டாவது பேச்சே இல்ல. 2002ல ஜெர்மனில யூபர்லிங்கன் மேல ஒரு விமானம் கருவிய விட்டுட்டு கன்ட்ரோலர் பேச்சக் கேட்டுச்சு, 71 பேர் செத்தாங்க, நெறைய பேர் ஸ்கூல் பசங்க. இந்தப் பக்கத்த மட்டும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க அப்பா, அவங்க ராத்திரி தூங்கமாட்டாங்க.

ரேடியோல எத்தன கொரல் தெரியுமா, ஸ்காட்லாந்துக்காரங்க, போலந்துக்காரங்க, அயர்லாந்துக்காரங்க, பிரிட்டிஷ் ஏர்வேஸ்காரங்க "ஸ்பீட்பேர்ட்"னு தங்களச் சொல்லிக்குவாங்க. எல்லாரும் ஒரே இங்கிலீஷ்ல பேசுறதால யார் எந்த ஒசரத்துல இருக்காங்கன்னு காதுலயே ஒரு படம் ஓடும். பிரான்ஸ் மேல வர்றப்ப மட்டும் அந்த ஊர் பைலட்டும் கன்ட்ரோலரும் பிரெஞ்சுல பேசிக்குவாங்க, அது அவங்களுக்கு அனுமதிதான், ஆனா எனக்கு அந்தப் படத்துல பாதி அழிஞ்ச மாதிரி ஆயிடும். அதுல எனக்கு உடன்பாடு இல்ல, எல்லா எடத்துலயும் ஒரே மொழியா இருக்கணும்னுதான் நெனைக்கிறேன்.

ஸ்வான்விக்காரங்கள ஒருத்தரக்கூட நான் நேர்ல பாத்ததில்ல. காத்தும் மழையுமா இருக்குற சாயங்காலத்துல, வரிசையா எத்தன விமானம் காத்திருந்தாலும், அவங்க கொரல் ஒரு சுருதி கூட ஏறாது, நான் சொல்றத முழுசா கேட்டுட்டுத்தான் அடுத்தவர்கிட்ட போவாங்க. அந்த ஆளுங்கமேல எனக்கு இருக்குற மரியாதைய எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா.

ஜூலைல நீங்களும் அம்மாவும் வர்றீங்கள்ல, சென்னைலேர்ந்து நேர் ஃப்ளைட்டாவே பாத்து எடுத்துடுறேன், அம்மாவுக்கு நடுவுல எறங்கி ஏறுறது முடியாது. சீட்டு வலது பக்கம் ஜன்னலோரமா போடுறேன், மேக்க பாத்து எறங்குற நாளா இருந்தா தேம்ஸ் ஆறும் ஊரும் அந்தப் பக்கம்தான் தெரியும். கடைசி நேரத்துல ஒரே எடத்துல சுத்துச்சுன்னா பயப்படாதீங்க. ஹீத்ரோவ சுத்தி நாலு எடத்துல அப்படி நிறுத்தி வெப்பாங்க, போவிங்டன், லாம்போர்ன், பிக்கின், ஆக்கம், நீங்க பெரும்பாலும் லாம்போர்ன் பக்கம் வருவீங்க. அடுக்கடுக்கா ஆயிரம் அடிக்கு ஒண்ணு சுத்திட்டு இருக்கும், கீழ இருக்கது கெளம்புனதும் மேல இருக்கத ஒவ்வொண்ணா ஒரு படி எறக்குவாங்க. ஒரு சுத்துக்கு நாலு நிமிஷம் மாதிரி ஆகும். காது அடைச்சா எச்சில் முழுங்கச் சொல்லுங்க அம்மாவ.

விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் ஆறு மாசத்துக்கு எடுத்து வைங்க, பென்ஷன் புக் காப்பியும். பாட்டிய சித்தி வீட்ல விடுறதப் பத்தி நானே சித்திகிட்ட பேசுறேன்.

உங்கள் அன்பு மகள்