பெற்றோர் இடத்தில் நிற்பவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பெற்றோர் இடத்தில் நின்று பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி, பாட்டா, சித்தி, மாமி, பெரியப்பா எல்லாருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு பற்றியும் மழை விடுமுறைக்கு ஈடு செய்யும் வகுப்புகள் பற்றியும் தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் வேறொரு காரியத்துக்காக. நம் பள்ளியில் அம்மா, அப்பா இருவருமே கூட இல்லாத வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று சென்ற வாரம் வகுப்பாசிரியர்களிடம் கேட்டேன். யாராலும் சரியான கணக்குத் தர முடியவில்லை. எமிஸில் (கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, போன் நம்பரும் இருக்கிறது. கூப்பிட்டால் எடுப்பவர் மட்டும் பல நேரம் வேறு யாரோ. "நான் அவனுக்க மாமியாக்கும் டீச்சரே" என்கிறார்கள். அந்த மாமி யார், பிள்ளை எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறது, அப்பா அம்மா எங்கே என்பதெல்லாம் எங்கள் பதிவேடு எதிலும் இல்லை.

ஜூன் மாதம் நம் அலுவலகத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டி தன் பேத்தியை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். பிள்ளை அதுவரை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் படித்தவள். அப்பா ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர், போனால் எப்போது கரைக்கு வருவார் என்று சொல்ல முடியாது. அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. டி.சி. (முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ்) கேட்டோம், இல்லை. அப்பாவின் கையெழுத்து கேட்டோம், அதுவும் இல்லை. "எல்லாம் சரியாக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினோம். அடுத்த வாரமும் வந்தார், அதே பதில். மூன்றாம் முறை அவர் உள்ளே வரவே இல்லை. எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பில் பேத்தியோடு உட்கார்ந்திருந்ததை மத்தியானம் நான்தான் பார்த்தேன். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, மகளின் இறப்புச் சான்றிதழ், அந்தப் பிள்ளை நாலாம் வகுப்பில் ஓவியத்துக்கு வாங்கிய ஒரு மலையாளச் சான்றிதழ். ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்துகொண்டே வந்தவர் கடைசியில், "எனக்க மொவளுக்க பிள்ளையாக்கும் டீச்சரே, இதுக்கு மேல என்ன பேப்பர் வேணும்?" என்றார்.

வேறு எந்தப் பேப்பரும் வேண்டியதில்லை. அவரைத் திருப்பி அனுப்பியது எங்கள் தவறு. அதனால் அந்தப் பிள்ளைக்கு ஒன்பது பள்ளி நாட்கள் போயின. இன்னொரு பாட்டியை இப்படி யாரும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காகச் சட்டம் சொல்வதை இங்கே எழுதுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு டி.சி. வரத் தாமதம் என்று காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதும் காரணமாகாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பதிவேடு போதும், அங்கன்வாடிப் பதிவேடு போதும், அதுவும் இல்லாவிட்டால் வளர்ப்பவர் எழுதித் தரும் உறுதிமொழி போதும். நடுவில் படிப்பு நின்ற பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. இன்னொன்று, அலுவலகங்களில் அடிக்கடி மறந்துபோவது: அந்தச் சட்டத்தில் பாதுகாவலர் என்ற சொல் கோர்ட்டு நியமித்தவரை மட்டும் குறிப்பதில்லை. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவரும் பாதுகாவலர்தான். ஆகவே அந்தப் பாட்டியின் கையெழுத்து செல்லும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே டி.சி. கேட்பார்கள், பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில் (பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல்) போகும் பெயரும் பிறந்த தேதியும் கடைசி வரை கூடவே வரும். அதனால்தான் எட்டாம் வகுப்புக்குள் எல்லாவற்றையும் நேராக்கிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஒரு வேண்டுகோளும் உண்டு: வளர்ப்பவர்கள் அன்பின் மிகுதியில் அப்பா அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் பெயரை எழுதிவிடாதீர்கள். பெற்றோர் பெயர் அப்படியே இருக்கட்டும், உங்கள் பெயரைப் பாதுகாவலர் என்ற இடத்தில் எழுதுங்கள். பின்னால் வாரிசுச் சான்றிதழுக்கோ உதவித்தொகைக்கோ போகும்போது அந்தப் பிள்ளைதான் அலைய வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவாள். விரலிடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் பட்டுத் தோல் உரிந்திருக்கும். வசதியான ஒரு வீட்டில் "படிக்க வைக்கிறோம்" என்று கூட்டி வந்து வைத்திருந்தார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் உறவுமுறை என்ற இடத்தில் 'உறவினர்' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தச் சொல்லை எழுதியது நான். கேள்வி கேட்காமல் எழுதினேன். ஒரு பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. வீட்டில் கேட்டால், "ஊருக்குப் போயிட்டா." எந்த ஊர் என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு எங்கேயும் அவள் பெயர் எழுதப்படவே இல்லை, அதனால் தேடவும் வழியில்லாமல் போயிற்று. இப்போது அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்து வைத்து ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதோடு எங்கள் வேலை முடிவதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். சேர்த்த பிறகு, அந்தப் பிள்ளை யாருடைய வீட்டில் இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு சட்டப்படி சிலருக்கு உண்டு. அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உள்ளாட்சி. தன் எல்லைக்குள் குடியிருக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகள் எல்லாரையும் பதிவேட்டில் வைத்திருப்பதும், அவர்கள் பள்ளியில் சேர்ந்து, தொடர்ந்து வந்து, படிப்பை முடிக்கிறார்களா என்று கவனிப்பதும் உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் அடக்கம். செங்கல் சூளைக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் நம்மிடம் படிக்கிறார்கள், அவர்களும் நம் பேரூராட்சியின் கணக்கில் வர வேண்டியவர்கள்தான். இது தவிர, பேரூராட்சியில் வார்டுக்கு ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு உண்டு, கவுன்சிலர் அதற்குத் தலைவர். ஊராட்சியில் ஊராட்சித் தலைவர். நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. "போய்ச் சொல்லத் தலைவர் இல்லை டீச்சர்" என்று ஊராட்சிப் பகுதிப் பெற்றோர் சிலர் சொன்னார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் ஊராட்சிச் செயலர் இருக்கிறார், அங்கன்வாடிப் பணியாளர் இருக்கிறார், கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் கவுன்சிலர்களுக்கு இந்தக் கடிதத்தின் வழியாகவே வெளிப்படையாக ஒன்று கேட்கிறேன். உங்கள் வார்டுக் குழுவின் பதிவேட்டையும் எங்கள் சேர்க்கைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பருவத்துக்கு ஒரு முறையாவது பெயர் பெயராக ஒத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்த வரை இந்த இரண்டும் ஒரே மேசைக்கு வந்ததே இல்லை. கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கிப் பிரிந்துவிட்டால், நான் சொன்ன அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை மறுபடியும் காணாமல் போவாள்.

அடுத்தது, மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவில்லாத பிள்ளை யார் கையில் கிடைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். பெற்றோர் அல்லாத வேறொரு குடும்பத்தில் பிள்ளையை வைத்து வளர்க்கும் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்ற ஏற்பாட்டுக்கு ஆணை தருவதும் இந்தக் குழுதான். ஆணை தருவதோடு அதன் வேலை முடியாது. அந்த வீட்டை மாதம் ஒரு முறை பார்வையிட வேண்டும், பிள்ளைக்குக் குறை இருந்தால் அங்கிருந்து எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைக் கூடியவரை பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பிள்ளையின் படிப்பு, உடல்நலம், சாப்பாடு மூன்றும் வளர்க்கும் குடும்பத்தின் பொறுப்பு.

இது தத்து இல்லை. இரண்டு பெற்றோர் இது குறித்து என்னிடம் கேட்டதால் சொல்கிறேன். தத்துக்கு வேறு வழி, வேறு பதிவு. ஆஸ்பத்திரியில் யாரோ தந்தார்கள், தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தது என்று ஆதரவற்ற குழந்தையைச் சட்ட வழிக்கு வெளியே வாங்கித் தத்தாக வளர்ப்பது மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பிள்ளையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

எனக்குத் தெரியும், பாட்டிமாருக்கு இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். "பேரு குடுத்தா பிள்ளைய ஹோம்ல கொண்டு போட்டிருவாவ" என்ற பயத்தை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஹோமில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும், குடும்பத்தோடு வளர்வதே முதல் வழி என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. சொந்தத்தில் வளரும் பிள்ளையைப் பறிப்பதற்குப் பதிலாக, அந்த வீட்டுக்கு உதவி செய்யத்தான் திட்டங்கள் இருக்கின்றன. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில், கணவனை இழந்த அம்மாவோடு இருக்கும் பிள்ளைக்கும், பாட்டி, சித்தி என்று உறவில் வளரும் பிள்ளைக்கும் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. ஆண்டு வருமானம் ஊராட்சிப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தால் மாவட்ட ஒப்புதல் குழு பார்த்து முடிவு செய்யும். இது போக, தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் இருக்கிறது. இரண்டு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இந்த உதவிகள் எல்லாம் பெயர் பதிந்த பிள்ளையைத்தான் தேடி வரும். மறைத்து வைத்த பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது.

ஏற்று வளர்ப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 2004 டிசம்பர் 26-ல் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்தபோதும், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் தூத்தூர் பக்கத்து ஊர்களில் படகுகள் திரும்பாதபோதும், பிள்ளைகளை அள்ளிக்கொண்டவர்கள் சித்திமாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். யாரும் பேப்பர் கேட்கவில்லை. அந்த மனசை நான் கும்பிடுகிறேன். அப்படிப்பட்ட வீடு எதுவும் இந்தக் கடிதத்தைப் பார்த்துக் கூச வேண்டாம்.

மற்றப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "அவள் அந்த வீட்டுப் பிள்ளை இல்ல தெரியுமா" என்று உங்கள் பிள்ளை பள்ளியில் வந்து சொன்னால், அதை எங்கேயோ கேட்டுவிட்டுத்தான் சொல்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவது சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். போன மாதம் உதவி கேட்டு ஒரு பிள்ளையின் படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். நல்லெண்ணத்தில்தான் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பையன் இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு வரிசைக்கு வரவில்லை. உதவ விரும்பினால் என்னிடம் நேரில் வாருங்கள்.

இந்த மாதம் முழுவதும், சனி ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மாலை 4 மணி முதல் 5 மணி வரை என் அறையில் இருப்பேன். உங்கள் வீட்டில் வளரும் பிள்ளை நீங்கள் பெற்ற பிள்ளை இல்லை என்றால், ஒரு தடவை வந்து பேசுங்கள். கையில் இருக்கும் காகிதங்களைக் கொண்டு வாருங்கள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் வாருங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு நம் ஆசிரியர் ஒருவர் எழுதித் தருவார். கேட்பது கதவைச் சாத்திவிட்டுத்தான், எழுதியதை எந்த அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட மாட்டோம். பக்கத்து வீட்டில் ஏதாவது பிள்ளை பள்ளிக்குப் போகாமல் வேலை செய்வதாகவோ அடிபடுவதாகவோ தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், ராத்திரியானாலும் எடுப்பார்கள். சேர்க்கைப் படிவத்தில் 'உறவினர்' என்று மட்டும் எழுதியிருக்கும் வீடுகளுக்கு வகுப்பாசிரியர்கள் அடுத்த வாரம் முதல் நேரில் வருவார்கள். ஒரு சாயாவுக்குள் முடிகிற பேச்சுதான். வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை