வெட்டுவது உடம்பா, இதயமா?

ஆசிரியருக்கு,

மணல்வாரி எனும் தட்டம்மை வந்துபோய் ஆறேழு வருடம் கழித்து, நன்றாகப் படித்த பிள்ளை பாடத்தில் பின்தங்கும். எழுதும்போது பேனா தெறித்து விழும். மூளையில் பதுங்கியிருந்த தட்டம்மை வைரஸ் கிளப்பும் எஸ்.எஸ்.பி.இ. நோய் இப்படித்தான் தலைகாட்டும். வலிப்பைப் பற்றி எழுதுகிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாவதை யாரும் பேசுவதில்லை.

நோய் முற்றினால் நாடி, வியர்வை, உடல் சூடு எல்லாவற்றையும் தானாக நடத்தும் நரம்புகள் கட்டுக்குலையும். வேறு தொற்று இல்லாமலே காய்ச்சல் கொதிக்கும், நாடி எகிறும், போர்வை நனையும்.

ஐ.சி.யு.வில் இன்னொரு குழப்பம். சில நொடிகளுக்கு ஒருமுறை உடம்பு வெட்டும்போது, அதாவது திடீரென உதறும்போது, மார்பில் ஒட்டிய இ.சி.ஜி. வயரும் (லீட்) ஆடும். திரையில் கோணல்மாணலாக அலை எழும், மானிட்டர் ‘வி.டி.’ (இதயத்தின் கீழறையில் கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு) என்று அலறும். மருந்தை எடுக்கும் முன் மார்பில் ஸ்டெத் வைத்துக் கேட்க வேண்டும், ஆக்சிமீட்டர் அலையைப் பார்க்க வேண்டும். இரண்டும் சீராக இருந்தால் அது வெட்டுதான். ஆனால் ‘எப்போதும் இப்படித்தான் கத்தும்’ என்று அலாரத்தை அணைத்து வைப்பது அதைவிட ஆபத்து.

மருந்தாலும் துடிப்பு கெடும். வெட்டைக் குறைக்கும் கார்பமசெபைன், இதய மின்கடத்தலில் ஏற்கெனவே தடை உள்ள பிள்ளைக்கு நாடியை மந்தமாக்கலாம். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை ரத்தக் குழாயில் ஏற்றினால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மி.கி.யைத் தாண்டக் கூடாது: 20 கிலோ பிள்ளைக்கு 400 மி.கி. என்றால் குறைந்தது 20 நிமிடம், அதுவும் சலைனில் மட்டும். குளுக்கோஸில் கலந்தால் திரிந்து படியும். வாந்திக்கு டோம்பெரிடோன், சளிக்கு அசித்ரோமைசின் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதும்போது, இரண்டுமே இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளியை (ஒரு துடிப்பில் இதயக் கீழறை மின்னேறி அடங்க எடுக்கும் நேரம்) நீட்டுபவை என்பது மறந்துபோகிறது. அது மிகவும் நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறாகலாம். குழாய் வழியே உணவு பெறும் பிள்ளைக்குப் பேதியும் சேர்ந்து பொட்டாசியம் இறங்கினால் நிலைமை மோசம். நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூ.டி. 500 மில்லி நொடியைத் தாண்டினால் மருந்தை மாற்றியே ஆக வேண்டும்.

தடுப்பூசியால் இந்நோய் வரும் என்பது வதந்தி. நோயாளிகளின் மூளையில் கிடைத்தது அம்மை வைரஸ்தான், ஊசி வைரஸ் அல்ல. 9 மாதத்திலும் 16-24 மாதத்திலும் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி தவறக் கூடாது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: எல்லாச் சீட்டும் ஒரே பையில் இருக்கட்டும். முதல் இ.சி.ஜி.யை உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அந்தத் தாளில் கோடு நாளடைவில் மங்கிவிடும், பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

- குழந்தை நல மருத்துவர், மதுரை