பழைய ஜீப்பில் பவர் ஸ்டியரிங்: பம்புக்கு முன் சேஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போடிமெட்டு, குரங்கணி, வால்பாறை என்று மலையேறும் பழைய மகிந்திரா ஜீப்புகளுக்கு பவர் ஸ்டியரிங் (எஞ்சின் சுழற்றும் பம்பின் எண்ணெய் அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும் ஏற்பாடு) மாட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. வேண்டாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆள் ஏற்றிய வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் ஒடித்துத் திருப்புகிறவரின் தோள்பட்டைக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கழித்துக்கட்டிய வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸையும் (வீலின் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் விசையாக மாற்றும் கியர் பெட்டி) பம்பையும் வாங்கிவந்து அவசர அவசரமாக மாட்டும்போது விட்டுப்போகிற வேலைகள் உயிரோடு விளையாடுபவை.

முதலில், ஸ்டியரிங் ஏன் கனக்கிறது என்று பார்க்க வேண்டும். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, பாக்ஸிலிருந்து சக்கரங்கள் பக்கம் போகும் இணைப்புக் கம்பியான டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) சரியாக இருக்காது, அல்லது பெல் கிராங்க் (மிகப் பழைய வண்டிகளில் டிராக் லிங்கின் அசைவைச் சக்கரங்களுக்கு மாற்றிக் கொடுக்கும் நெம்புகோல்) இறுகியிருக்கும். லேசாகத் திரும்பினால் கோளாறு பாக்ஸின் பக்கம் இருக்கிறது. 6.00-16 டயர் இருந்த இடத்தில் அகலமான டயரைப் போட்டு, காற்றையும் குறைத்து ஓட்டினால் எந்த ஜீப்பும் கனக்கத்தான் செய்யும். இதையெல்லாம் சரிசெய்ததும் பல வண்டிகளுக்கு பவர் ஸ்டியரிங்கே தேவைப்படாது. சரிசெய்யாமல் மாட்டினால், தேய்ந்த பேரிங்கும் ஆடும் டை ராடு எண்டும் (சக்கரங்களைத் திருப்பும் குறுக்குக் கம்பியான டை ராடின் முனை மூட்டு) கைக்குத் தெரியாமல் மறைந்துவிடும்.

பாக்ஸ் வாங்கும்போது, அது இருந்த வண்டியில் அச்சுக்கு முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா, பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து நீண்டு டிராக் லிங்கைத் தள்ளும் கை) எந்தப் பக்கம் வீசும் என்று பாருங்கள். திசை மாறினால் இடதுக்கு ஒடித்தால் வண்டி வலதுக்குப் போகும். கார்களில் வரும் ரேக் அண்டு பினியன் (பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட ஸ்டியரிங்), பிளேட் செட்டோடு (ஸ்பிரிங் பட்டைகள்) மேலும் கீழும் ஆடும் ஒற்றை அச்சுக்கு ஒத்துவராது. பெல் கிராங்க் உள்ள மிகப் பழைய வண்டிகளில் அதை எடுத்துவிட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரே டை ராடு போடுவது நல்லது.

பெரும்பாலும் கோட்டை விடுவது சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில். கையால் திருப்பும்போது சேஸுக்கு வருகிற விசை ஓட்டுநரின் பலத்தோடு முடிந்துவிடும். பவர் பாக்ஸ் அப்படியல்ல. சக்கரம் கல்லில் முட்டி நின்றாலும் எண்ணெய் அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும், எதிர்விசை முழுவதும் பாக்ஸைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு போல்ட்டுகளில் இறங்கும். மெல்லிய சேஸ் தகட்டில் நேரே துளை போட்டு முடுக்கினால் சில மாதங்களில் துளையைச் சுற்றி விரிசல் ஓடும். 6 மி.மீ. தகடு வைத்து, மூடிய சேஸாக இருந்தால் உள்ளே குறுக்காகக் குழாய் செருகி வெல்டு செய்து, அதன் வழியாக போல்ட்டை விட வேண்டும். குழாய் இல்லாவிட்டால் முடுக்க முடுக்கச் சேஸ் அமுங்குமே தவிர போல்ட் இறுகாது. போல்ட் 10.9 கிரேடு (உயர் வலிமை ரகம்), நட் லாக் நட் (தானாகக் கழலாதது). பாக்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கச் சேஸுக்கு ஒரு குறுக்குத் தாங்கலும் தேவை. ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் முனையில் சிறு துளை போட்டு நிறுத்திவிட்டுத்தான் வெல்டு வைக்க வேண்டும். பிட்மேன் ஆர்மைச் சூடேற்றி வளைப்பதும், டை ராடை வெட்டி ஒட்டுவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. டேப்பர் (கூம்புச் சரிவு) பொருந்தாத டை ராடு எண்டைத் துளை பெருக்கி மாட்டுவதும் அதே ரகம்தான்.

டிராக் லிங்க் குறுக்காக ஓடினால் டை ராடுக்கு இணையாக இருக்க வேண்டும். சரிவாக நின்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். பாக்ஸை நடுவில் நிறுத்த, ஒரு முழு ஒடிப்பிலிருந்து மறு ஒடிப்புவரை சுற்றுகளை எண்ணிப் பாதியில் வையுங்கள். சக்கரம் நேராக இல்லையென்றால் டிராக் லிங்கின் நீளத்தை மாற்றுங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றித் திருப்பிப் போட்டால் பார்வைக்கு நேராகும், ஆனால் பாக்ஸ் நடுவில் நிற்காததால் நேர்ச்சாலையில் ஆட்டம் இருக்கும். பாக்ஸ் உள்ளே முட்டுவதற்குமுன் சக்கரம் ஸ்டாப்பர் போல்ட்டில் முட்டியாக வேண்டும். ஸ்டியரிங் தண்டில் இரண்டு ஜாயின்ட் போட்டால் இரண்டின் கவைகளும் ஒரே வாக்கில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குள்ளேயே கனமும் லேசுமாக மாறிமாறி வரும்.

பம்பின் புல்லி எஞ்சின் புல்லியோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அழுத்தமுள்ள பக்கத்துக்கு கிரிம்ப் செய்த (முனையை அழுத்திப் பூட்டிய) ஹைட்ராலிக் ஹோஸ்தான், கிளிப் போட்ட ரப்பர் குழாய் அல்ல. அது சைலன்சர் பக்கம் போகவே கூடாது. எண்ணெய் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியருக்கான எண்ணெய்), பம்பும் பாக்ஸும் கேட்கும் ரகம். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் ஊதிவிடும். முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை ஓட்டாமல், இரு பக்கமும் மெதுவாகப் பலமுறை ஒடித்துக் காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். எண்ணெய் பால்போல நுரைத்தால் பம்புக்கு வரும் குழாயில் காற்று புகுகிறது. முழு ஒடிப்பில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தினால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறும்.

சிறு கார்களின் எலெக்ட்ரிக் ஸ்டியரிங் தண்டை மாட்டுகிறவர்களும் உண்டு. சேஸை வெட்ட வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் பழைய ஆல்டர்நேட்டர் அந்த மோட்டார் இழுக்கும் மின்சாரத்துக்குப் போதாது. மழைத் தண்ணீரும் புழுதியும் படும் திறந்த ஜீப்புக்காக அது செய்யப்பட்டதும் அல்ல.

மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து உருட்டும் பழக்கம் சிலருக்கு இன்னும் போகவில்லை. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் பழைய மேனுவல் பாக்ஸைவிட அதிகமாகக் கனக்கும், வேக்கம் பிரேக்கின் (வெற்றிட விசையால் பிரேக்கை லேசாக்கும் ஏற்பாடு) உதவியும் கூடவே போய்விடும்.

ஸ்டியரிங் ஆட்டம் (சக்கரம் திரும்பாமல் வீல் மட்டும் சுற்றும் அளவு) 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, இணைப்பு போல்ட்டுகள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 98 சொல்கிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் வீலை ஆட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எஞ்சினை ஓட்டி இரு பக்கமும் முழுதாக ஒடிக்கச் சொல்லி, பாக்ஸ் இருக்கும் இடத்தில் சேஸ் முறுக்குகிறதா என்று ஆய்வாளர்கள் கீழே குனிந்து பார்க்க வேண்டும். மாற்றம் செய்த வண்டிகளை வாங்குகிறவர்களும் பணம் கொடுப்பதற்குமுன் இதைச் செய்து பார்க்கலாம்.

- ஜீப் மெக்கானிக்குகள் சிலர்,
போடிநாயக்கனூர்.